கோங் விழும் இடம்: ஆர்க்கெஸ்ட்ராவும் ஜாவா கமெலானும் ஒரே மேடையில்

மேடையின் ஒரு பக்கம் நாற்காலிகள், இசைத்தாள் தாங்கிகள், பளபளக்கும் கறுப்புக் காலணிகள். மறுபக்கம் பாய் விரித்திருக்கிறது. சிவப்பும் பொன்னிறமும் தீட்டிய மரச் சட்டங்களில் வெண்கலக் கருவிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் முன் சம்மணமிட்டு அமர்ந்திருப்பவர்கள் எல்லோரும் வெறுங்காலோடு இருக்கிறார்கள். நிகழ்ச்சி தொடங்குமுன் ஓபோ என்ற ஊதுகுழல் வாசிப்பவர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கிறார். வயலின்காரர்கள் பிரடைகளைத் திருகித் தந்திகளை அந்தச் சுரத்தோடு சேர்க்கிறார்கள். வெண்கலப் பக்கத்தில் ஓர் அசைவும் இல்லை. அவர்கள் சுருதி சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் முடியாது. அந்தக் கருவிகளில் திருகுவதற்கு எதுவுமே இல்லை.

மேற்கத்தியச் செவ்வியல் இசையும், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பிறந்த வெண்கலக் கருவி இசையான கமெலானும் கலக்கும் கச்சேரி ஒன்றுக்கு நீங்கள் முதன்முறையாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அசைவின்மையை மட்டும் கவனித்துவிட்டால் போதும், பாதிக் கதை விளங்கிவிடும். ஒரு பக்கம் வளையக்கூடியது, மறுபக்கம் வளையாதது. அப்படியானால் யார் யாருக்காக வளைவது? இந்த வகை இசையை எழுதிய ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குத்தான் தத்தம் வழியில் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் திருமண வரவேற்பில் திரைப்பாடல் பாடும் குழுவை நினைத்துவிட வேண்டாம். இங்கே பேசுவது வயலின் குடும்பம், ஊதுகுழல்கள், பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நடத்துநரின் கையைப் பார்த்து வாசிக்கும் பெரிய குழுவைப் பற்றி. அதைப் பற்றி நம்மில் பலருக்குக் கொஞ்சமாவது தெரியும். ஆகவே கமெலானிலிருந்து தொடங்குகிறேன்.

ஜாவா மொழியில் ‘கமெல்’ என்றால் அடித்தல், தட்டுதல். பெரும்பாலும் சுத்தியலால் தட்டி வாசிக்கும் கருவிகளின் தொகுதி என்பதால் கமெலான் என்று பெயர். நம் பழைய வகைப்பாட்டில் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்பவற்றோடு கஞ்சக்கருவி என்றும் ஒன்று உண்டல்லவா? நம்மிடம் அந்த வகையில் தாளமும் சேமக்கலமும் போலச் சிலவே இருக்கின்றன. ஜாவாக்காரர்கள் கஞ்சக்கருவிகளையே நடுவில் வைத்து ஒரு முழு இசை உலகத்தைக் கட்டிவிட்டார்கள். தோலும் துளையும் நரம்பும் அங்கே இருக்கின்றன. கெந்தாங் என்ற முழவும், சுலிங் என்ற மூங்கில் குழலும், ரெபாப் என்ற இருதந்தி வில்வாத்தியமும் வெண்கலத்தைச் சூழ்ந்து நிற்கும். பாடகர்களும் உண்டு. ஆனால் நம் கச்சேரியில் போலப் பாடகர் முன்னால் வந்து உட்காருவதில்லை. பல குரல்களில் அவரும் ஒரு குரல், அவ்வளவுதான்.

ஒரு கமெலானைப் பல கருவிகளின் கூட்டம் என்பதைவிடப் பலர் சேர்ந்து வாசிக்கும் ஒரே கருவி என்று சொல்வது பொருத்தம். ஒரே பட்டறையில், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமாறு செய்து முடிக்கப்பட்ட குடும்பம் அது. செம்பு பத்துப் பங்கு, வெள்ளீயம் மூன்று பங்கு என்பது மரபான கலவைக் கணக்கு. சுரகர்த்தா நகருக்கு அருகிலுள்ள வீருன் கிராமத்தில் இன்றும் கோங் என்ற பெரிய வெண்கல வட்டுகளை உருவாக்கும் உலைகள் எரிகின்றன. சுரத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் உலோகத்தை அராவ வேண்டும். தகட்டின் முனையை அராவினால் சுரம் ஏறும், நடுவில் அராவினால் இறங்கும். ஒருமுறை அராவியது அராவியதுதான். அதனால் பக்கத்து ஊர்க் கமெலானிலிருந்து ஒரு கருவியைக் கடன் வாங்கி வந்து வாசிக்க முடியாது, சுரம் ஒட்டாது. மதிப்புள்ள தொகுதி ஒவ்வொன்றுக்கும் ‘கியாய்’ என்ற மரியாதை அடைமொழியோடு ஒரு பெயர் இருக்கும். யோக்யகர்த்தா அரண்மனையில் கியாய் குந்தூர் மது என்று ஒன்று இருக்கிறது. பெரிய கோங்குக்கு முன் பூவும் ஊதுவத்தியும் வைப்பது வழக்கம். கருவியைத் தாண்டிக் காலெடுத்து வைப்பது பெருங்குற்றம். வெறுங்காலுக்கும் இந்த மரியாதைதான் காரணம்.

இனி அந்தக் குடும்பத்தின் உறவுமுறை. நடுவே ஒரு மெதுவான மெட்டு ஓடும். அதற்குப் பாலுங்கான் என்று பெயர். ‘பாலுங்’ என்றால் எலும்பு. மெட்டின் எலும்புக்கூட்டை மட்டும் சாரோன் என்ற தகட்டுக் கருவிகள் நிதானமாகத் தட்டிக்கொண்டு போகும். அந்த எலும்பின்மேல் போனாங், கெந்தேர், கம்பாங் போன்றவை வேகமான சிறு சுரக் கோவைகளால் சதை போர்த்தும். கீழே தொங்கும் கோங்குகளும் படுக்கை வைத்த குடக் கோங்குகளும் காலத்தைப் பிரித்துக் காட்டும். எழுத்தில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும் செய்யும் வேலையை இங்கே கெதுக், கெனோங், கெம்புல், கோங் ஆகியவை செய்கின்றன. முற்றுப்புள்ளிதான் பெரிய கோங்.

இந்த ‘முற்றுப்புள்ளி’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு பெரிய சண்டையே இதை வைத்துத்தான் வரப்போகிறது. அதற்குமுன் சுரச் சண்டையை முடித்துவிடுவோம்.

ஜாவாவில் இரண்டு சுர அமைப்புகள் உண்டு. ஸ்லேந்த்ரோ ஐந்து சுரம், பெலோக் ஏழு சுரம். முழுமையான கமெலான் என்பது உண்மையில் இரட்டைத் தொகுதி. இரண்டு அமைப்புக்கும் தனித்தனிக் கருவிகள் ‘ட’ வடிவில் வைக்கப்பட்டிருக்கும், வாசிப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே உடலைத் திருப்பி மாறிக்கொள்வார். ஐந்து சுரம் என்றதும் நம் காது மோகன ராகத்தைத் தேடும். நானும் தேடினேன். முதலில் கேட்டபோது, வாசிப்பவர் மோகனத்தைத் தப்பாக வாசிக்கிறார் என்று மனத்துக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். தப்பு என் காதில்தான் இருந்தது.

அதை எண்ணால் பார்த்தால் தெளிவாகும். சுர இடைவெளிகளை அளக்க ‘சென்ட்’ என்றோர் அலகு உண்டு. கீழ் ஸவிலிருந்து மேல் ஸ வரை 1200 சென்ட். பியானோவில் அது பன்னிரண்டு சம பங்கு, பங்குக்கு நூறு. அந்தக் கணக்கில் மோகனத்தின் ஸ ரி க ப த என்பவை 0, 200, 400, 700, 900. ஸ்லேந்த்ரோவோ அந்த 1200ஐ ஏறத்தாழ ஐந்து சம பங்காக வெட்டுகிறது. ஆகவே தோராயமாக 0, 240, 480, 720, 960. மூன்றாவது சுரத்தைப் பாருங்கள். அது மோகனத்தின் காந்தாரத்தைவிட மிகவும் மேலே, சுத்த மத்யமத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அதனால் ஒருவர் காதுக்கு மோகனமாகவும் இன்னொருவர் காதுக்குச் சுத்த சாவேரியாகவும் பட்டு, கடைசியில் இரண்டுமில்லாமல் போய்விடும். பெலோக்கின் இடைவெளிகள் ஒழுங்கே அற்றவை. சில நெருக்கம், சில அகலம். ஏழு சுரம் இருந்தாலும் ஒரு சமயத்தில் பெரும்பாலும் ஐந்தே புழங்கும். இதற்கெல்லாம் மேலே இன்னொன்று: இவை எல்லாம் சராசரிக் கணக்கு. இரண்டு கமெலான்களின் ஸ்லேந்த்ரோ ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு, அதைத்தான் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள்.

சென்ட் என்ற அலகையே உருவாக்கியவர் அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர். 1885இல் பல நாட்டுச் சுர அமைப்புகளை அளந்து அவர் வெளியிட்ட ஆய்வில் ஜாவாக் கருவிகளும் இருந்தன. சுர அமைப்பு என்பது இயற்கை விதித்த ஒற்றைச் சட்டமல்ல, ஊருக்கு ஊர் மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு என்று ஐரோப்பா எண்ணத் தொடங்கியதில் அந்த அளவீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு சிக்கல் ஒலியின் உள்ளமைப்பில் இருக்கிறது. வயலின் தந்தியை இழுத்தால் அடிப்படை ஒலியோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து எழும். எல்லாம் முழு எண்கள். மேற்கத்திய இசையின் ஒத்திசை முழுவதும் இந்த முழு எண்களின் உறவில் நிற்கிறது. உலோகத் தகடு அப்படி அதிர்வதில்லை. சீரான ஒரு தகட்டின் மேலதிர்வுகள் ஏறத்தாழ 2.76 மடங்கு, 5.40 மடங்கு என்று கோணல்மாணலாக வரும். எனவே வயலினும் சாரோனும் அடிப்படைச் சுரத்தில் அச்சாக ஒத்துப்போனாலும் அவற்றின் மேலதிர்வுகள் ஒன்றையொன்று உரசும். அந்த உரசலைச் சிலர் அழுக்கு என்பார்கள். எனக்கு அது ஒரு மினுமினுப்பு. பெரிய கோங்கில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். அடித்ததும் ஒலி தட்டையாக நிற்காமல் ‘வூம்… வூம்… வூம்’ என்று எழுந்து தாழ வேண்டும். அதற்கு ஓம்பக் என்று பெயர், பொருள் ‘அலை’. அலை சரியான வேகத்தில் எழாத கோங்கை நல்ல கோங் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோங் என்ற சொல்லே அந்தத் தீவுகளிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது.

இப்போது முற்றுப்புள்ளிக்கு வருவோம்.

மேற்கத்திய இசையில் ஒன்று–இரண்டு–மூன்று–நான்கு என்று எண்ணினால் கனம் ஒன்றில் விழும். நடத்துநரின் கை மேலிருந்து கீழே இறங்கும் இடம் அது. நம் தாளத்திலும் ஆவர்த்தனத்தின் தொடக்க அடியே வலிமையான இடம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் எங்கெங்கோ சுற்றிவிட்டு அங்கே வந்து சேரும்போதுதான் சபை தலையாட்டும். கமெலானில் எண்ணிக்கை அதே ஒன்று–இரண்டு–மூன்று–நான்குதான். ஆனால் கனம் நான்கில் விழும். நான்கு நான்காகச் சேர்ந்த வரியில் கடைசி நான்கு இன்னும் கனம். சுற்றின் ஆகக் கடைசி எண்ணிக்கையில் கோங். ஜாவா இசைஞர் ‘ஸேலே’ என்று ஒரு சொல் சொல்வார். ஒன்றை இறக்கி வைத்தல், வந்து அமர்தல் என்ற பொருள். வேகமாகச் சதை போர்த்தும் கருவிகள் எல்லாம் எங்கெங்கோ அலைந்துவிட்டு அந்த ஸேலே சுரத்தில் ஒன்றாக வந்து அமரும்.

கெதவாங் என்ற பதினாறு எண்ணிக்கைச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2, 6, 10, 14இல் கெதுக் என்ற சிறு குடம் ‘துக்’ என்று மொட்டையாக ஒலிக்கும். எட்டில் கெனோங். பன்னிரண்டில் கெம்புல். பதினாறில் கெனோங்கும் கோங்கும் சேர்ந்து. இந்த வரிசைப்படி நான்காவது எண்ணிக்கையிலும் ஒரு கெம்புல் இருக்க வேண்டுமே? இல்லை. அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள். சற்றுமுன் அடித்த கோங்கின் அலை அப்போதும் கூடத்தில் உருண்டுகொண்டிருக்கும், அதன்மேல் இன்னோர் ஒலியைப் போட அவர்களுக்கு மனமில்லை. கமெலானில் எனக்கு மிகவும் பிடித்த ஒலி, அந்த நான்காவது எண்ணிக்கையில் வராமல் போகும் ஒலிதான்.

ஆர்க்கெஸ்ட்ராவும் கமெலானும் சேர்ந்து வாசிக்கும்போது நடப்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். நடத்துநரின் கை கீழே இறங்கும் அதே நொடியில் கோங் ஒலிக்கிறது. வயலின்காரருக்கு அது ‘ஒன்று’, புதிய வாக்கியம் தொடங்கும் இடம். கோங் அடித்தவருக்கு அது ‘பதினாறு’, வாக்கியம் முடிந்த இடம். அரங்கில் ஒலி ஒன்றுதான். ஒருவர் மூச்சை இழுக்கிறார், மற்றவர் மூச்சை விடுகிறார். தாளில் கோடு கிழித்து எழுதும் மேற்கத்தியக் குறிப்பு முறையில் இந்த நொடியைக் கோட்டுக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்பது இசையமைப்பாளர்களை உண்மையிலேயே படுத்தியெடுக்கும் கேள்வி. சுரகர்த்தாவின் கெபாத்திஹான் வளாகத்தின் பெயர் தாங்கிய ஜாவா எண் குறிப்பு முறையில் இந்தத் தொல்லை இல்லை. சுரங்களை எண்களாக நான்கு நான்காக எழுதுவார்கள், நான்காவதே கனமானது என்று எல்லோருக்கும் தெரியும்.

வேக விஷயமும் இப்படித்தான். கமெலானுக்கு நடத்துநர் கிடையாது. கெந்தாங் வாசிப்பவர் கையால்தான் வேகம் ஏறும், இறங்கும். அவரை யாரும் பார்க்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். இங்கே ‘இரமா’ என்று ஒரு நுட்பம் உண்டு. எலும்பு மெட்டு மெல்ல மெல்ல வேகம் குறைந்து பாதியாகும். அந்த நேரத்தில் பெகிங் என்ற சின்னச் சாரோன், ஒரு சுரத்துக்கு இரண்டு அடி அடித்துக்கொண்டிருந்தது நான்காக மாற்றிக்கொள்ளும். இன்னும் பாதியானால் எட்டு, அதற்கும் மேலே பதினாறு. கீழே மெட்டு யானை நடையில் போகும், மேலே பெகிங் முன்பிருந்த அதே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும். ஒன்றாம் காலம், இரண்டாம் காலம் என்று பழகிய நமக்கு இது அந்நியமல்ல. வேறுபாடு என்னவென்றால், நாம் தாளத்தை நிலையாக வைத்துப் பாடலை இரட்டிப்போம். அவர்கள் தாளத்தையே விரித்து உள்ளே இடம் உண்டாக்குகிறார்கள். ஓர் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநருக்கு இந்த விரிவைக் கையால் காட்டுவது கடினம். அந்த இடங்களில் கெந்தாங்காரரிடம் கடிவாளத்தைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும் நடத்துநரே கெட்டிக்காரர் என்பது என் கட்சி.

இந்தக் கலப்பு ஏதோ அண்மைக்காலச் சோதனை என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யோக்யகர்த்தா அரண்மனையில் அது நடந்திருக்கிறது. பெதாயா, ஸ்ரிம்பி என்ற அரண்மனை நடனங்களில் நடனப் பெண்கள் அரங்குக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் ‘காதி’ என்ற அணிநடை இசை ஒலிக்கும். அதில் கமெலானோடு ஐரோப்பிய எக்காளங்களும் படைமுரசும் சேர்ந்து முழங்கும். டச்சு ஆட்சியின் நிழலில் வாழ்ந்த அரண்மனை, வெள்ளைக்காரர்களின் படை இசையை எடுத்துத் தன் நடனத்துக்குக் காவலாக நிறுத்திக்கொண்டது. அந்த அரண்மனைக்கென்று ஓர் ஐரோப்பிய இசைக்குழுவும் இருந்தது. 1920களில் வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மானிய ஓவியர் அதை நடத்திவிட்டு, 1927இல் பாலித் தீவுக்குக் குடிபெயர்ந்தார். ஆகவே ‘மேற்கு கிழக்கைக் கண்டுபிடித்தது’ என்று யாராவது தொடங்கினால், எந்தத் திசையிலிருந்து என்று கேட்டு வையுங்கள்.

ஐரோப்பியப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை 1889ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சி. ஈஃபில் கோபுரம் திறந்த அதே கண்காட்சி. அங்கே டச்சுக்காரர்கள் ஒரு ஜாவா கிராமத்தையே எழுப்பியிருந்தார்கள். சுரகர்த்தாவின் மங்குநகரன் அரண்மனை நடனப் பெண்கள் வந்திருந்தார்கள். வாசித்தவர்கள் மேற்கு ஜாவாவின் பராகான் சலாக் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள், அதாவது சுண்டானிய இனத்தவர்கள். இந்த விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே கேட்டுக்கொண்டு நின்றவர்களில் இளம் பிரெஞ்சு இசையமைப்பாளர் கிளாட் டெபுஸ்ஸியும் ஒருவர். பின்னாளில், 1913இல், ஜாவா இசையின் பல அடுக்குப் பின்னலுக்கு முன்னால் இத்தாலிய மேதை பாலெஸ்திரினாவின் பின்னல் சிறுபிள்ளை விளையாட்டு என்ற பொருளில் எழுதினார். 1903இல் பியானோவுக்கு அவர் எழுதிய ‘பகோத்’ என்ற துண்டைக் கேளுங்கள். அடியில் கோங்போல நீண்டு ஒலிக்கும் தாழ் சுரங்கள், நடுவே நிதானமான ஐந்து சுர மெட்டு, உச்சியில் பொடிப்பொடியான சுரத் தூறல். கமெலானின் அடுக்கு முறையை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். சுரத்தை மட்டும் பிடிக்கவில்லை. பியானோவில் அந்தச் சுரங்கள் கிடையாதே!

பிறகு வந்த பலர் இதே வழியில் போனார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சிஸ் புலாங்க் 1931ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் பாலி இசையைக் கேட்டுவிட்டு, மறு ஆண்டே இரண்டு பியானோக்களுக்கான கான்செர்ட்டோவில் (தனிக் கருவியை முன்னிறுத்தி ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு) அதைக் கொண்டுவந்தார். ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1956இல் பாலிக்கே போய்வந்து, 1957இல் அரங்கேறிய பாலே ஒன்றில் மேற்கத்தியத் தாளக் கருவிகளைக் கொண்டே ஒரு கமெலானைக் கட்டிக் காட்டினார். பாலி வேறு, ஜாவா வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலியின் கமெலான் மின்னல்போலப் பாயும், திடீரென்று நிற்கும். நடு ஜாவாவின் கமெலானுக்கு அவசரமே தெரியாது. இந்த மேதைகள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒன்று: கமெலானின் சாயலை எடுத்துக்கொண்டார்கள், கமெலானை மேடைக்கு அழைக்கவில்லை.

அழைத்தவர் லூ ஹாரிசன். 1917இல் பிறந்து 2003இல் மறைந்த அமெரிக்க இசையமைப்பாளர். தம் வாழ்க்கைத் துணைவர் வில்லியம் கோல்விக்கோடு சேர்ந்து 1971 வாக்கில் அலுமினியத் தகடுகளையும் அறுத்த ஆக்சிஜன் உருளைகளையும் குப்பைத் தொட்டிகளையும் வைத்துச் சொந்தமாக ஒரு தொகுதி செய்தார். உருளைகளை அடிக்க வெட்டிய பேஸ்பால் மட்டைகள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஒலியோ அற்புதம். 1975இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜாவா ஆசான் வசிதோதினிங்ராட்டிடம் முறையாகப் பயிலத் தொடங்கினார். பாக் சோக்ரோ என்று மாணவர்கள் அழைத்த அந்தப் பெரியவர் யோக்யகர்த்தாவின் பக்குஆலமன் அரண்மனை இசைக்குழுவை நடத்தியவர். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்க இசைத்தட்டில் உள்ள ஜாவா இசை அவர் குழு வாசித்ததுதான். அதன் பெயர் ‘புஸ்பவர்ண’. புஷ்பமும் வர்ணமும் தெரிந்த நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். மேலே சொன்ன பதினாறு எண்ணிக்கைக் கெதவாங் வகையைச் சேர்ந்தது அது. எண்ணிப் பழக அதைவிட நல்ல பாடம் இல்லை.

யார் வளைவது என்ற கேள்விக்கு ஹாரிசன் தயங்காமல் பதில் சொன்னார்: மேற்குதான். 1982இல் முடித்த இரட்டைக் கான்செர்ட்டோவில் கமெலானோடு வயலினையும் செல்லோவையும் சேர்த்தார். அந்தத் தேர்வைப் பாருங்கள். இரண்டுமே வீணையில் இருப்பதுபோன்ற மெட்டுக்கட்டைகள் இல்லாத தந்திக் கருவிகள், அதாவது விரல் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம். வெண்கலம் எந்தச் சுரத்தில் இருக்கிறதோ அங்கே வயலின் விரலை நகர்த்திச் சேர்ந்துகொள்ளும். நடுப்பகுதியில் வெண்கலம் ஒதுங்கிக்கொள்ள, முழவுத் துணையோடு இரண்டு தந்திகளும் தறிகெட்டு ஓடும். மூன்றாம் பகுதியில் கோங் திரும்பி வரும்போது வீட்டுக்கு வந்து சேர்ந்ததுபோல் இருக்கும். 1987இல் பியானோவையும் கூட்டி வந்தார். பியானோவால் விரலை நகர்த்த முடியாதே? எனவே கச்சேரிக்குமுன் பியானோவின் தந்திகளையே கமெலானுக்கு ஏற்பச் சுருதி மாற்றினார்கள். பழகிய பியானோ முகம் மாறி வந்து நிற்பதுபோல, முதல் சில நிமிடங்கள் காது திடுக்கிடும். ஒரு நேர்மையான குறிப்பும் சொல்ல வேண்டும். இந்தக் கமெலான்கள் ஹாரிசனும் கோல்விக்கும் செய்தவை, முழு எண் விகிதங்களில் சுருதி அமைத்தவை. அதாவது ஜாவாக்காரர் ஒருவர் பார்வையில், கமெலானும் கொஞ்சம் வளைந்துதான் வந்திருக்கிறது.

முழுக்க மறுதிசையில் வளைந்த கதை ஜாவாவுக்குள்ளேயே இருக்கிறது. 1990களில் மந்தூஸ் என்ற கலைஞர் பரப்பிய ‘சம்பூர்சாரி’யில் கமெலான் கருவிகளோடு கீபோர்டும் கிதாரும் வாசிக்கும். சம்பூர் என்றால் கலப்பு, சாரி என்றால் சாரம். கீபோர்டின் சுரங்களுக்கு ஏற்பக் கமெலான் கருவிகளையே அமைத்துவிடுவதும் அங்கே உண்டு. திருமண வீடுகளில் இன்றும் அது ஓடுகிறது. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். ஆனால் ஒரு கமெலானின் தனி முகம் அங்கே தொலைகிறது என்பதையும் மறைக்க மாட்டேன்.

முழு ஆர்க்கெஸ்ட்ரா என்று வரும்போது சிக்கல் பெருகும். எழுபது எண்பது பேரில் வயலின்களும் செல்லோக்களும் டிராம்போன்களும் வளையும். புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஓரளவே வளையும். ஹார்ப் வளைய வேண்டுமானால் முன்கூட்டியே சுருதி மாற்றியாக வேண்டும். அதனால் சாமர்த்தியமான இசையமைப்பாளர்கள் எல்லோரையும் எப்போதும் ஒன்றாக வாசிக்க வைப்பதில்லை. கமெலானின் சுரங்களில் ஏதாவது ஒன்றிரண்டு ஆர்க்கெஸ்ட்ராவின் சுரங்களோடு தற்செயலாக ஒத்துப்போகும். அந்தச் சுரங்களைத் தூணாக நட்டு, இரு பக்கமும் அங்கே மட்டும் சந்திக்குமாறு எழுதுவார்கள். ஜாவாக்காரர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. ஸ்லேந்த்ரோவும் பெலோக்கும் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சுரத்துக்கு அவர்கள் ‘தும்புக்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

கூடமும் ஒரு தொல்லை. கமெலான் பிறந்து வளர்ந்தது பெந்தோபோவில். நான்கு பக்கமும் சுவரில்லாத, தூண்கள் தாங்கும் திறந்த மண்டபம் அது. மண்டபம் என்ற சொல்தான் அங்கே போய்ப் பெந்தோபோ ஆனது என்பார்கள். அங்கே வெண்கல ஒலி காற்றில் கரைந்துவிடும். நான்கு சுவருக்குள் அடைபட்ட கச்சேரி அரங்கில் அது தேங்கி நிற்கும். வாசிப்பவர்கள் அடுத்த தகட்டை வலக்கையால் அடிக்கும்போதே முந்தைய தகட்டை இடக்கையால் பிடித்து ஒலியை அடக்குவதைக் கவனியுங்கள். அது பிசகினால் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். மறுபுறம், மென்மையாக வாசிக்கும் கெந்தேரும் ரெபாப்பும் எக்காளங்களுக்கு முன்னால் காணாமலே போய்விடும். அந்த இடங்களில் ஆர்க்கெஸ்ட்ராவை அடக்கி வாசிக்கத் தெரிந்த நடத்துநர் அமைவது உங்கள் அதிர்ஷ்டம்.

சரி, டிக்கெட் எடுத்து உட்கார்ந்துவிட்டீர்கள். முதல் முறையே எல்லாவற்றையும் கேட்க முயலாதீர்கள். ஆகத் தாழ்ந்த கோங்கை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரு கோங்குக்கும் அடுத்த கோங்குக்கும் இடையே எண்ணுங்கள். எட்டின் மடங்கில் வந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். அடுத்து உச்சியில் தட்டும் பெகிங்கைக் கேளுங்கள். மெட்டு விரிந்துகொண்டே போக, அது இரட்டிப்பதை ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு விடாது. ஆர்க்கெஸ்ட்ராவும் கமெலானும் ஒரே சுரத்தைப் பிடிக்கும் இடங்களில் லேசான நடுக்கம் கேட்டால், யாரும் தப்பு செய்யவில்லை என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

நிகழ்ச்சி முடியும் இடத்தைத் தவறவிடாதீர்கள். மேற்கத்தியக் குழு முடிக்கும்போது எல்லோரும் ஒரே வெட்டில் நிற்பார்கள், நடத்துநரின் கை காற்றில் ஒரு முடிச்சுப் போடும். கமெலானில் கெந்தாங் வேகத்தை இழுத்து இழுத்துத் தளர்த்தும். கடைசிச் சுரத்துக்கு எல்லோர் கையும் உயர்ந்திருக்கும். முதலில் கோங் மட்டும் தனியாக விழும். அதற்குப் பிறகே, ஒரு மூச்சு தாமதித்து, மற்றவர்கள் தங்கள் கடைசிச் சுரத்தைத் தட்டுவார்கள். அதற்குள் வயலின்கள் வில்லை எடுத்துவிட்டிருக்கும். கோங்கின் அலை மட்டும் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கிவிடுவார். அவராக நீங்கள் இருக்க வேண்டாம்.